காரையை எடுத்தால் பல் ஆடிவிடுமா?

கேள்வி: எனக்கு 56 வயது. தருமபுரி மாவட்டத்தில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 9 வருடமாகச் சர்க்கரை, 3 வருடமாக ரத்த அழுத்தம். மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, அம்லோடிபின் 10 மி.கி. ஒன்று, ஆஸ்பிரின் 75 மி.கி. ஒன்று சாப்பிடுகிறேன். போன மாதம் எடுத்த மூன்று மாத சர்க்கரை அளவு 8.9. ஒன்றரை வருடமாகப் பல் துலக்கினால் ரத்தம் வருகிறது. அதனால் பிரஷ்ஷை விட்டுவிட்டு உமிக்கரியும் உப்பும் சேர்த்து விரலால் தேய்க்கிறேன். முன்பக்க ஈறு தடித்து, பல்லுக்குப் பல் நடுவே உருண்டை உருண்டையாக நிற்கிறது. வலி இல்லை. கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. இடையில் ஒருமுறை ஈறு வீங்கியபோது மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், அடங்கிவிட்டது. பல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு நாலு தடவையாக ஆழமாக க்ளீன் செய்ய வேண்டும், தேவைப்பட்டால் ஈறு ஆபரேஷன் என்கிறார். என் அண்ணனுக்கு க்ளீன் செய்த ஆறே மாதத்தில் மூன்று பல் விழுந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆடுகிற இரண்டையும் பிடுங்கிவிட்டு பிரிட்ஜ் கட்டினால் போதாதா? சிறுவயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது, க்ளீன் செய்தால் அதுவாவது போகுமா? நாலு வயதுப் பேரனுக்கும் அப்படி வராமலிருக்க ஃப்ளோரைடு பேஸ்ட்டை நிறுத்திவிடலாமா?

பதில்:

ஐயா, உங்கள் அண்ணன் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அந்தப் பயம் தெளியாமல் மற்றது எதைச் சொன்னாலும் நீங்கள் நாற்காலியில் போய் உட்காரப் போவதில்லை.

பல் ஈறில் ஊன்றி நிற்பதில்லை, தாடை எலும்பில் நிற்கிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. கனத்தில் ஒரு நார்ப்படலம் உண்டு. அந்த நார்கள்தான் பல்லைப் பிடித்திருக்கின்றன. எலும்பு கரையக் கரைய நாரும் அறுந்துபோகிறது, பல் ஆட ஆரம்பிக்கிறது. எலும்பைக் கரைப்பது பல்லை ஒட்டி வளரும் கிருமிப் படலமும், அதை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையும்தான். இது வருடக்கணக்கில், பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கும். வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய்க்கு அது ஆறுதலான அறிகுறி இல்லை.

இப்போது காரைக்கு வருவோம். பல்லில் படிகிற மென்மையான படலத்தை எடுக்காமல் விட்டால், எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏறி இரண்டு மூன்று நாளிலேயே இறுகத் தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் பிரஷ்ஷுக்கு அசையாத கல்லாகிவிடும், அதுதான் காரை. நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் திறப்பதால் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் இது அதிகம். மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அப்படித்தான். வருடக்கணக்கில் விட்டவர்களுக்குக் கீழ் முன்பற்களின் பின்னால் நாலைந்து பல்லையும் சேர்த்துப் பூசிய சுவர்போல நிற்கும். அடியில் எலும்பு பாதி போயிருந்தாலும் அந்தச் சுவர் பற்களை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். காரையை எடுத்ததும் முட்டு போகிறது, ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. கூடவே வீங்கியிருந்த ஈறு வற்றுவதால் பல் நீண்டதுபோலத் தோன்றும், இடைவெளி தெரியும், தண்ணீர் பட்டால் கூசும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிறவர் 'மெஷின் வைத்துப் பல்லைக் கழற்றிவிட்டார்கள்' என்று முடிவு கட்டுவதில் ஆச்சரியமில்லை.

மெஷினின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும். ஆனால் அந்த அசைவு ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்குதான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே காரையை உதிர்க்கும், எனாமலை வெட்டாது. முறையாகப் பிடித்தால் பல்லைத் தளர்த்தும் விசையும் அதில் இல்லை.

க்ளீன் செய்த பிறகும் பல் விழுவது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ரொம்பத் தாமதமாகப் போனவர்களுக்கு விழும். இன்னொரு காரணம், வெளியே தெரிகிற காரையை மட்டும் ஒரே தடவையில் எடுத்துவிட்டு, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருப்பதைத் தொடாமல் விடுவது. மேலே பளபளவென்று ஆகிவிடும், நோய் உள்ளே பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். 'நாலு தடவை' என்று உங்கள் டாக்டர் சொன்னது பணம் பார்க்க அல்ல, இந்தத் தவறு நேராமல் இருக்கத்தான்.

அவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்தால் பாதி பயம் போகும். முதலில் மி.மீ. குறியிட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டு ஆழம் பார்ப்பார், ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில். 1 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் சரி. 4 என்றால் கவனிக்க வேண்டும். 5, 6, அதற்கு மேல் என்றால் அது பை. பிரஷ்ஷின் நார் ஈறுக்கு அடியில் ஒரு மி.மீ. போனாலே அதிகம், பல்லிடுக்கு நூல் இரண்டு மூன்று மி.மீ. போகும். 6 மி.மீ. பைக்குள் வீட்டில் எதைக் கொண்டும் போக முடியாது. எந்தப் பேஸ்ட்டும் பொடியும் எண்ணெய்க் கொப்பளிப்பும் அங்கே வேலை செய்யாததற்கு இதுதான் காரணம். அந்த ஆழத்தில் வேரைச் சுரண்டி எடுக்க மரத்துப்போகும் ஊசி போட வேண்டும். ஒரு தடவைக்கு வாயின் கால் பாகம், முக்கால் மணி நேரம்போல ஆகும். அதனால்தான் நாலு தடவை.

எல்லாம் முடிந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். நடுவில் அளப்பதில் பயனில்லை, ஈறு ஒட்டிக்கொள்ள அவ்வளவு காலம் வேண்டும். அப்போதும் 5 மி.மீ.க்கு மேல் பை இருந்து, தொட்டால் ரத்தம் வருகிற இடங்களுக்கு மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஆபரேஷன். அதைப் பற்றிய கவலையை இப்போதே சுமக்க வேண்டாம். முதல் நாளும் மூன்றாம் மாதமும் எடுத்த அந்த அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பத்திரப்படுத்துகிற நாம் இதைக் கேட்பதே இல்லை. நோய் குறைகிறதா என்று சொல்லும் சீட்டு இதுதான்.

அடுத்து நீங்கள் செய்த தவறு. கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் இடத்தில் பத்துக்கு எட்டுப் பேர் செய்வதுதான். ரத்தம் வருகிறது என்று பிரஷ்ஷை நிறுத்தினீர்கள். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹாரல்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் ஆரோக்கியமான பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பத்து முதல் இருபத்தோரு நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரத்துக்குள் பழையபடி ஆனது. ஈறில் வரும் ரத்தம் அங்கே அழுக்கு நிற்கிறது என்று சொல்கிறது. அந்த இடத்தை இன்னும் கவனமாகத் துலக்க வேண்டுமே ஒழிய விட்டுவிடக் கூடாது. மறுபடி ஆரம்பிக்கும்போது முதல் வாரம் ரத்தம் கூடத்தான் செய்யும். அந்த வாரத்தில் பயந்து நிறுத்துவது வெண்ணெய் திரளும்போது தாழியை உடைப்பதுதான். சாதாரண ஈறு வீக்கமாக இருந்தால் ஏழு முதல் பத்து நாளில் குறையும். பை இருக்கும் இடத்தில் மட்டும் நிற்காது, அது டாக்டர் வேலை.

உமிக்கரியை இன்றோடு விட்டுவிடுங்கள். நெல் உமியில் இருப்பது சிலிக்கா, மணல் இனத்தைச் சேர்ந்தது. எரித்தாலும் அது போகாது, சாம்பலில் இன்னும் செறிவாகத் தங்கும். எனாமல் தாங்கினாலும் ஈறு இறங்கித் தெரிகிற வேர் தாங்காது, அது எனாமலைவிட ரொம்ப மென்மை. கழுத்துப் பகுதியில் ஆப்பு வெட்டியதுபோலப் பள்ளம் விழும், பிறகு கூச்சம். அதைவிடப் பெரிய குறை விரல்தான். விரல் பல்லின் மேட்டில் மட்டுமே தேய்க்கும். ஈறு நோய் தொடங்குவதோ பல்லிடுக்கில். உங்களுக்கு உருண்டையாக நிற்பதும் அந்த இடுக்கில்தானே. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதை மேற்கோள் காட்டுகிறவர்களுக்கும் இதே பதில். குச்சியை நன்றாக மென்று நாராக்கித் துலக்கினால் வெளிப்பக்கம் ஓரளவு சுத்தமாகும், இடுக்குக்குள் குச்சி நுழையாது.

புகை, பாக்கு, புகையிலை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும், ஆனால் எலும்பு வேகமாகக் கரையும், சிகிச்சைக்கும் ஈறு சரியாக ஒட்டாது.

இனி மருந்துகள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அம்லோடிபின்தான். பல்லுக்குப் பல் நடுவே உருண்டையாக, வலியில்லாமல், அதுவும் முன்பக்கத்தில் தடிக்கிற ஈறு அந்த வகை ரத்த அழுத்த மாத்திரையின் அறியப்பட்ட பக்கவிளைவு. நிஃபெடிபினிலும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயினிலும், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினிலும் இது வரும். சாப்பிடுகிற எல்லாருக்கும் வராது. அழுக்கு அதிகம் நிற்கும் வாயில்தான் பெரிதாகும். தடித்த ஈறு அழுக்கைப் பிடித்து வைக்கும், அழுக்கு ஈறை இன்னும் தடிக்க வைக்கும்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஈறைக் காப்பாற்றப் போய்ப் பக்கவாதத்தை வரவழைத்துக்கொண்ட கதையாகிவிடும். ரத்த அழுத்தத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் ஈறைக் காட்டி, 'பல் டாக்டர் அம்லோடிபினால் இருக்கலாம் என்கிறார், வேறு வகை கொடுக்க முடியுமா?' என்று கேளுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற வகைகளுக்கு ஈறைத் தடிக்க வைக்கும் குணம் இல்லை. உங்கள் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் எது பொருந்தும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாற்றினால் சில வாரம் முதல் சில மாதத்தில் ஈறு வற்றத் தொடங்கும். மாற்ற முடியாவிட்டாலும், நன்றாகச் சுத்தம் செய்த வாயில் வீக்கம் கணிசமாகக் குறையும். மிச்சம் நிற்பதைச் செதுக்கி எடுக்கலாம்.

ஆஸ்பிரின் 75-ஐயும் நீங்களாக நிறுத்த வேண்டாம். 'பல் வேலைக்கு முன் அஞ்சு நாள் நிறுத்து' என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருப்பார். பல்லைச் சுத்தம் செய்யும்போது வரும் ரத்தம் பஞ்சை வைத்து அழுத்தினால் நிற்கக்கூடியது. ஆஸ்பிரினை நிறுத்தி இதயத்தில் ரத்தம் உறைந்தால் அதைப் பஞ்சால் நிறுத்த முடியாது. குளோபிடோக்ரெல் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வார்ஃபரின் என்றால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை முடிவும் கையில் இருக்க வேண்டும்.

மெடிக்கலில் வாங்கிய மாத்திரை பற்றி: பைக்குள் இருக்கும் கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை, பசைபோன்ற படலத்துக்குள் குடியிருக்கின்றன. ஆன்டிபயாட்டிக் அதற்குள் போதிய அளவு போவதில்லை. வீக்கம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும், இரண்டு மாதத்தில் மறுபடி வீங்கும். ஈறு வீங்கிச் சீழ் கட்டினால் டாக்டர் அதை வடித்து, வேரைச் சுத்தம் செய்து, தேவையென்றால் மட்டும் மாத்திரை தருவார். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினால், வாய் திறக்க முடியாமல் போனால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் அது மெடிக்கலுக்குப் போகிற நேரமில்லை. சர்க்கரை உள்ளவர் அன்றைக்கே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சர்க்கரையும் ஈறும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமியோடு சண்டையிடும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, திசு ஆறுவது தள்ளிப்போகிறது. மறுபக்கம், ஈறில் எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் அழற்சி இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது. மேலே சொன்ன அதே லோ 1993இல் ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பாதிப்பு என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு என்று போகிற வரிசையில் அதுவும் சேர்கிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்தால் மூன்று நாலு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது நீங்கள் சொன்ன மூன்று மாத சர்க்கரை அளவு, சராசரியாக 0.4 போலக் குறைகிறது. உங்கள் 8.9-ஐ ஈறு மட்டும் 7-க்குக் கொண்டுவராது, ஆனால் ஒரு கை கொடுக்கும். அதே சமயம் 'சர்க்கரை இறங்கட்டும், பிறகு க்ளீன் செய்யலாம்' என்று காத்திருக்காதீர்கள். ஆபரேஷனுக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், சுத்தம் செய்வதற்கு இல்லை. மருந்தை உயர்த்துவது பற்றிச் சர்க்கரை டாக்டரிடமும் இந்த வாரமே பேசிவிடுங்கள், இரண்டும் ஒன்றாக நடக்கட்டும்.

போகிற நாளில் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. காலை நேரமாகப் பார்த்து வாங்குங்கள். வழக்கம்போல் இட்லியோ பொங்கலோ சாப்பிட்டு, எல்லா மாத்திரையும் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டோடு போங்கள். ஊசி போட்டால் உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சூடான காபியும் மென்று தின்னும் சாப்பாடும் வேண்டாம். உதட்டைக் கடித்துக்கொள்வதும் சுட்டுக்கொள்வதும் அப்போதுதான். ஆனால் வாய் மரத்திருக்கிறது என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கலாம். ஆறிய கூழ், மோர் சாதம் எதையாவது குடித்துவிடுங்கள். வலித்தால் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் அழுத்த மாத்திரையும் எடுக்கிற நீங்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையைக் கேட்காமல் போடக் கூடாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு மறுநாளிலிருந்து மூன்று வேளை கொப்பளிக்கலாம். துப்பிவிட வேண்டும், விழுங்கினால் அழுத்தத்துக்கு ஆகாது.

பிறகு கூச்சம் வரும். ஈறு வற்றித் தெரிகிற வேரில் குளிர்ந்தது பட்டால் சுருக்கென்று இழுக்கும். சில வாரம் இருக்கும், பிறகு அடங்கும். பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் உள்ள கூச்சப் பேஸ்ட்டை இரண்டு வேளையும் துலக்கிவிட்டு, அதே பேஸ்ட்டைக் கொஞ்சம் விரலில் எடுத்து அந்த வேரில் பூசிவிட்டுப் படுங்கள். இரண்டு வாரமாவது விடாமல் செய்தால்தான் தெரியும். ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு 'கேட்கவில்லை' என்றால் அது பேஸ்ட்டின் குற்றமில்லை.

டாக்டர் நாலு தடவை செய்கிற வேலையை நிற்க வைப்பது, நீங்கள் வீட்டில் செய்யும் எழுநூறு தடவை. வருடத்துக்கு அவ்வளவு வேளை வருகிறது. சிறிய தலையுள்ள, மிருதுவான பிரஷ் வாங்குங்கள், 'சாஃப்ட்' என்று அட்டையில் போட்டிருக்கும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும், விளம்பரத்தில் வருவதுபோல நீளத்துக்கும் பிதுக்க வேண்டாம். பிரஷ்ஷின் நார்களில் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி, ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அந்த இடத்திலேயே, நார் நுனி நகராமல், பத்துப் பதினைந்து தடவை சின்னதாக அதிர வையுங்கள், பிறகு கடிக்கும் பக்கம் நோக்கி உருட்டி எடுத்து அடுத்த இரண்டு பல்லுக்குப் போங்கள். இழைப்புளி போடுவதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் இடுக்கு சுத்தமாகாது, வேர்தான் தேயும். பிரஷ்ஷைக் கைமுஷ்டியில் பிடிக்காமல் பேனாபோல விரல்களில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். இரண்டு மாதத்தில் நார் விரிந்துவிட்டால் நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெரும்பாலானோர் வாயின் வெளிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, உள்பக்கம் வருவதற்குள் அலுத்துப்போய்த் துப்பிவிடுவார்கள். நீங்கள் தலைகீழாக ஆரம்பியுங்கள். முதலில் கீழ் முன்பற்களின் உள்பக்கம், பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்தி ஒவ்வொரு பல்லாக. பிறகு மற்ற உள்பக்கங்கள், வெளிப்பக்கம் கடைசி. மொத்தம் இரண்டு நிமிடம், கடிகாரம் பார்த்து. முதல் நாள் பார்த்தால் இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். காலையில் ஒன்று, இரவு படுக்கப் போகுமுன் ஒன்று. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்கிற நாளில் இரவை விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைவதால் கிருமிக்கு அது அறுவடை நேரம். கடை அடைத்து வீடு வந்து சாப்பிட்டதும் அப்படியே சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது மட்டும் போதாது. எலும்பு இறங்கிய வாயில் பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கும். அங்கே பல்லிடுக்கு பிரஷ் வேண்டும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைத் தீக்குச்சி அளவுக்குச் சுருக்கியதுபோல இருக்கும். நிறத்துக்கு ஓர் அளவு. ஒரே வாயில் முன்பக்கத்துக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என இரண்டு அளவு தேவைப்படலாம். எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று முதல் முறை டாக்டரே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், குத்துமதிப்பாக வாங்காதீர்கள். நார்கள் இரு பக்கமும் லேசாக உரசிக்கொண்டு போனால் சரியான அளவு. கம்பி பல்லில் உராய்ந்தால் பெரிது, தடையே இல்லாமல் வழுக்கினால் சிறிது. கண்ணாடி முன் நின்று, முனை ஈறைக் குத்தாமல் நேராக நுழைத்து, இரண்டு மூன்று தடவை உள்ளே வெளியே இழுங்கள். பேஸ்ட் தேவையில்லை. தினம் ஒருமுறை, இரவில், துலக்குவதற்கு முன். கழுவி உலர்த்தினால் ஒன்று இரண்டு வாரம் வரும், கம்பி வளைந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். நெருக்கமாக இருக்கும் இடுக்குகளுக்கு நூல். குண்டூசி, ஊக்கு, துடைப்பக் குச்சி எதுவும் வேண்டாம். கடையில் உட்கார்ந்திருக்கும்போது கை தானாக அதைத்தான் தேடும் என்பதால் சொல்கிறேன்.

மவுத்வாஷ் கேட்டிருந்தால் குளோர்ஹெக்ஸிடின் 0.2 சதவீதம் எழுதுவார்கள். 10 மி.லி. எடுத்து ஒரு நிமிடம் வாயில் வைத்துத் துப்ப வேண்டும், இரண்டு வேளை, இரண்டு வாரம். அதற்கு மேல் போனால் பல்லும் நாக்கும் பழுப்பேறும், ருசி மாறும். பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இதைச் செயலிழக்க வைப்பதால் துலக்கி அரை மணி நேரம் கழித்தே கொப்பளியுங்கள். உடனே டீ குடித்தால் கறை இன்னும் ஏறும். இதுவும் பைக்குள் இறங்காது. வேலை முடிந்து ஈறு புண்ணாக இருக்கும் நாட்களில் பிரஷ்ஷுக்குத் துணை, அவ்வளவுதான்.

பிடுங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பக்கவாட்டில் மட்டும் ஆடுகிற பல்லை இப்போதே பிடுங்க வேண்டாம். அழற்சி வற்றினால் ஆட்டம் ஓரளவு குறையும். குறையாவிட்டால் பின்பக்கம் மெல்லிய கம்பியோ நார்ப் பட்டையோ வைத்து, பல் நிறப் பசையால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டலாம். மூன்றாம் மாதம் அளந்து பார்த்துத் தீர்மானிப்பது நியாயம். மேலிருந்து விரலால் அழுத்தினால் பள்ளத்துக்குள் இறங்கி ஏறுகிற பல்லாக இருந்தால் கதை வேறு. அதைக் காப்பாற்றப் பணம் செலவழிக்க வேண்டாம். அதுவரை நாக்கால் தள்ளிப் பார்ப்பதையும் விரலால் ஆட்டிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள், முறுக்கையும் கரும்பையும் முன்பல்லால் கடிக்க வேண்டாம்.

பிரிட்ஜ் என்பது இரண்டு பக்கத்துப் பற்களைச் செதுக்கி அவற்றின் மேல் ஏற்றும் சுமை. அந்தப் பற்களுக்கும் இதே நோய் இருக்கையில் அவற்றின் தலையில் இன்னும் இரண்டு பல்லின் பாரத்தை ஏற்றினால், இரண்டு பல் போன இடத்தில் நாலு போகும். இம்ப்ளான்ட்டும் தப்பிக்காது. சொத்தை பிடிக்காதே தவிர, அதைச் சுற்றியுள்ள எலும்பையும் இதே கிருமிகள் கரைக்கும். எதைக் கட்டுவதானாலும் ஈறு அடங்கிய பிறகுதான்.

செலவுதான் தயக்கம் என்றால், மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. ஈறு ஆபரேஷன் அளவுக்குப் போனால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கென்றே தனித் துறை உண்டு. அவர்களைப் பார்க்க மேலே சொன்ன அளவுச் சீட்டும் எக்ஸ்ரேயும் கையில் இருந்தால் ஒரு நடை மிச்சம்.

கறை விஷயம். தருமபுரியில் பிறந்து வளர்ந்தவருக்குச் சிறுவயதிலிருந்தே பழுப்புக் கறை என்றால் அது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. உங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். இந்தக் கறை பல்லின் மேல் ஒட்டியதில்லை, பல் உருவாகும்போதே எனாமலுக்குள் விழுந்தது. க்ளீனிங்கில் போகாது. டீக் கறையும் வெற்றிலைக் கறையும் போகும். உள்கறையை மறைக்க வேறு வழிகள் இருக்கின்றன, ஈறு சரியாகாமல் அதற்குப் போகாதீர்கள்.

எனாமலில் இந்தக் கறை விழக்கூடிய காலம், பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சுமார் எட்டு வயது வரைதான். 56 வயதில் உங்களுக்கு ஃப்ளோரைடு பேஸ்ட்டால் புதிதாகக் கறை வராது. ஈறு இறங்கி வேர் தெரிகிற உங்களுக்கு வேர்ச் சொத்தையைத் தடுக்க அது கட்டாயம் வேண்டும். 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று டியூபில் பார்த்து வாங்குங்கள், துலக்கியபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசிக் கொப்பளித்தால் எல்லாம் போய்விடும்.

பேரனுக்கும் பேஸ்ட்டை நிறுத்த வேண்டாம். கறைக்குப் பயந்து சொத்தையை வாங்கிக்கொடுக்கக் கூடாது. அவன் விழுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. பெரியவர் ஒருவர் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் நின்று துப்பச் சொல்ல வேண்டும். பேஸ்ட் டியூப் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பபிள்கம் ருசியில் வருவதைப் பிள்ளைகள் மிட்டாய்போலத் தின்பார்கள். வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா என்று ஒருமுறை பாருங்கள். போர் தண்ணீராக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு அளவைச் சோதித்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் இருந்தால் அவனுக்கு அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் வற்ற வற்ற ஃப்ளோரைடு இன்னும் செறிவாகத்தான் ஆகும்.